கப்பல் ஜன்னலுக்கு உள்கதவு

நம் வயதுக்காரர்களில் பலர் இந்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். குளச்சலில் மீன் ஏலம் போடுகிற மணல்வெளிக்கு எதிரே, ரோட்டின் இந்தப் பக்கம், கொஞ்சம் மேட்டில் நீலச் சுவர் வைத்த வீடு. அதன் முன்னறை ஜன்னலுக்கு மூலை கிடையாது. நாலு மூலையும் பாதி தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி உருண்டிருக்கும். அதற்குக் கப்பல் ஜன்னல் என்று பெயர் வைத்தது உங்களில் யாரோதான். அது என் மாமியின் வீடு. மாமி என்றால் வாப்பாவின் தங்கச்சி.

ஜன்னலை அப்படிக் கட்டச் சொன்னவர் மாமா. சின்ன வயதில் அவர் சரக்குக் கப்பலில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறார். கப்பலில் ஜன்னலுக்கு மூலை வைத்தால் இரும்பு அந்த மூலையிலிருந்துதான் கீறத் தொடங்கும் என்று அங்கே யாரோ சொன்னதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கரையில் நிற்கிற வீடு எங்கே கீறப்போகிறது என்று கொத்தனார் கேட்டாராம். சொன்னதைச் செய் என்றாராம் மாமா. கொத்தனார் ஒரு மூலையைச் சட்டிமூடி வைத்து வளைத்தார். அடுத்த மூலைக்கு வந்தபோது மூடி அடுக்களைக்குப் போய்விட்டது. மீன் கூடையின் விளிம்பை வைத்து வளைத்தார். மற்ற இரண்டையும் கையாலேயே தடவி விட்டுவிட்டார். அதனால் நாலு மூலையும் உருண்டைதான், ஆனால் ஒன்று போல ஒன்று இல்லை.

அந்த ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கதவு இல்லை. உருண்ட மூலைக்குக் கதவு செய்ய வந்த ஆசாரிகள் பார்த்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. மாமாவும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கண்ணாடி பிறகு போடலாம் என்பார். மழைக்காலத்தில் ஒரு படுதாவைக் கட்டுவார்கள். மற்ற நாட்களில் ஒரு பூப்போட்ட திரைச்சீலை மட்டும். கடல் காற்றில் அது எந்நேரமும் உள்ளே பறந்துகொண்டிருக்கும். அந்த அறைக்குள் போனால் முகத்தில் வந்து ஒட்டும். உப்புப் படிந்து மொரமொரவென்று இருக்கும் அந்தத் துணி, நாக்கில் பட்டால் கரிக்கும். பட்டிருக்கிறது, அதனால் தெரியும்.

கப்பலை விட்டபிறகு மாமா கரையில் ஏலம் விளிக்கிறவர் ஆனார். வள்ளம் வந்ததும் மீனை மணலில் குவிப்பார்கள். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். நடுவில் நின்று மாமா விளிப்பார். அந்தக் குரல் நம் பள்ளிக்கூட முற்றம் வரை வரும். எங்கள் மூன்றாம் வகுப்பு சார், மாமா விளிக்கத் தொடங்கினால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அதற்குமேல் நான் இரண்டு வருஷம்தான் படித்தேன். ஆனாலும் எண்கள் எனக்குத் தடங்கலில்லாமல் வரும். அது சாரிடம் கற்றதா மாமாவிடம் கேட்டதா என்று சொல்ல முடியாது.

மாசி மாதம் பிறந்த சமயம். காலையில் சாயா குடித்துக்கொண்டிருந்த மாமா நெஞ்சில் கை வைத்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள்.

மாமி அந்த முன்னறையில் இத்தாவில் இருந்தாள். நம் வீடுகளில் தெரிந்ததுதான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணவன் மவுத்தானால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பாள். மாமிக்குப் பிள்ளை இல்லை. கூடமாட ஓடி எடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று உம்மா என்னை அங்கே விட்டாள். எனக்கு எட்டு வயது. வாய் திறந்து பேசாத பையன் என்பதால், துக்க வீட்டுக்கு ஏற்றவன் என்று நினைத்திருப்பாள்.

மாமாவுக்கு ஒரு காக்கா, அதாவது அண்ணன், உண்டு. நான் பெரிய மாமா என்பேன். தம்பியோடு சேர்ந்து ஏலக்கரையில்தான் அவருக்கும் தொழில். அடக்கம் முடிந்து வந்த கையோடு அவர் செய்த முதல் காரியம், ஏணி வைத்து ஏறி, ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு தார்ப்பாயைச் சுற்றிலும் ஆணி அடித்து மூடியது. திரைச்சீலை பறக்கும், ஏலத்துக்கு வருகிற அத்தனை ஆண்களும் எதிரேதான் நிற்பார்கள் என்பது அவர் கணக்கு. தப்பில்லை. ஆனால் அதோடு அந்த அறைக்குள் பகல் வருவது நின்றுவிட்டது. தார் வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்து, வாயைத் திறந்தாலே நாக்கில் ஒட்டும். உச்சிவேளையில் தார்ப்பாய் சூடேறி மெதுவாகக் கிறீச்சிடும். நான் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க வந்த ஒரு கிழவி மூச்சுமுட்டி மயங்கி விழுந்தாள். அதற்குப்பிறகு பெரிய மாமா, தார்ப்பாய் சரிப்படாது, உள்பக்கம் மரக்கதவு வைப்போம், ஆட்கள் இல்லாத நேரம் திறக்கலாம், மற்ற நேரம் அடைக்கலாம் என்றார். அவர் நல்லதைத்தான் நினைத்தார் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அவர் சிரிக்கத் தெரியாத ஒரு கல்.

கதவு செய்ய வந்த ஆசாரி புதுக்கடைப் பக்கத்துக்காரர். வயது இருபத்தைந்து தாண்டாது. மீசை இன்னும் முடிவுக்கு வராமல் இருந்தது. வேறொருவரிடம் கூலிக்கு நின்றுவிட்டு அப்போதுதான் தனியாக வேலை பிடிக்கத் தொடங்கியிருந்தார். குளச்சலில் அதுதான் அவருக்கு முதல் வீடு. பழைய ஆசாரிகள் கைவிட்ட ஜன்னலை நான் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் அந்த அறைக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. மாமியை வேறு அறைக்கு மாற்றவும் கூடாது, இருந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்றார்கள் வீட்டிலிருந்த மூத்த பெண்கள். அது மார்க்கத்தில் இருக்கிறதா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த வீட்டில் இருந்தது.

வெளியிலிருந்து அளந்தால் என்ன என்றார் பெரிய மாமா. வெளியளவு வேறு, உள்ளளவு வேறு, சுவர் ஒரு முழம் கனம், உள்ளே பூசினது எப்படியோ என்றார் ஆசாரி. கடைசியில் எல்லார் கண்ணும் என் மேல் வந்து நின்றது. ஆண்பிள்ளைதான், ஆனால் ஆணில்லை. உள்ளேயும் போகலாம் வெளியேயும் வரலாம்.

நடுவில் ஒரு துணியைக் கட்டி, மாமியை அந்தப் பக்கம் உட்கார வைத்து, ஆசாரியே உள்ளே வந்து அளந்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. அன்று அந்த வீட்டில் இருந்த பதினைந்து பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆசாரி ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்குச் சொல்லித் தந்தார். டேப்பை நம்பி என் கையில் தரவில்லை. மூங்கிலைப் பிளந்த இரண்டு சீம்புகளைத் தந்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒன்று இந்தச் சுவரிலும் மற்றது அந்தச் சுவரிலும் முட்டும்வரை நகர்த்தி, அப்படியே நூலால் கட்டிக்கொண்டு வர வேண்டும். அகலத்துக்கு ஒரு ஜோடி, உயரத்துக்கு ஒரு ஜோடி. மூலைகளுக்குச் சிமெண்ட் சாக்கின் உள்தாள் நாலு துண்டு. தாளை மூலையில் விரித்து அமுக்கிப் பிடித்து, சுவர் முடிகிற விளிம்பைக் கரித்துண்டால் தேய்த்தால் வளைவு கறுப்புக் கோடாக விழும். கோட்டின்மேல் கத்தரித்துக் கொண்டு வர வேண்டும்.

“மூலைக்கு மூலை மாறிரப்பிடாது பிள்ளே,” என்றார். “இடது மேலே ஒரு புள்ளி, இடது கீழே ரெண்டு. வலது மேலே மூணு, வலது கீழே நாலு. கேட்டியா?”

கேட்டேன். உள்ளே அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமி சுவரில் சாய்ந்து பாயில் இருந்தாள். நான் ஸ்டூலில் ஏறி மூங்கிலை நீட்டுவதையும் நூலைப் பல்லால் கடிப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட இருந்த பெண்கள் சோறு எடுக்கப் போயிருந்த நேரம். அத்தனை நாளும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவள் எழுந்து வந்து, கரிக்கோடு விழுவதைக் குனிந்து பார்த்தாள். நான் இரண்டாவது தாளைத் தேய்க்கும்போது அவளே மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். தையல் மெஷின் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலும் எடுத்துத் தந்தாள்.

பிறகு கேட்டாள். “அடைச்சா வெளிச்சம் வருமா மக்கா? ஆசாரிட்ட கேட்டுட்டு வா.”

போய்க் கேட்டேன். ஆசாரிக்கு அது தன் வேலையைப் பற்றிய சந்தேகமாகப் பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வெளிச்சமா? எறும்பு கடக்காதுண்ணு சொல்லு.”

அதை அப்படியே கொண்டுபோய் மாமியிடம் சொன்னேன். நல்ல சேதி என்றுதான் நினைத்தேன். மாமி கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினாள். அப்போது வெளியே ஏலம் தொடங்கியது. மாமாவிடம் கையாளாக நின்ற பையன்தான் இப்போது விளிக்கிறான். வலதுபக்கத்திலிருந்து குரல் வந்தது. ஒரு எண்ணில் தடுக்கி, முந்தின எண்ணுக்குத் திரும்பி, மறுபடியும் ஏறினான்.

“நான் அந்த இடத்த ஒரு நாளும் பாத்ததில்ல,” என்றாள் மாமி.

ஜன்னல் அங்கேயே இருந்திருக்கிறது. கல்யாணமாகி வந்து ஏழு வருஷம். ஆனால் ஏலம் தொடங்கினால் மாமி பின்னால் அடுக்களைக்குப் போய்விடுவாள். கரை முழுக்க ஆண்கள், நடுவில் மாமா. தான் ஜன்னலில் நிற்பதைக் கண்டால் அவருக்கு எண்ணிக்கை தப்பிவிடும் என்று ஒரு கூச்சம். வந்த புதிதில் மாமாவே சிரித்துக்கொண்டு அப்படிச் சொல்லியிருக்கிறார். இப்போது கரையில் அவர் இல்லை. அவர் நின்ற இடம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். நாலு மாதம் பத்து நாள், எறும்பு நுழையாத கதவுக்குப் பின்னால் இருந்து, இன்னொருவன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூன்றாவது தாளைத் தேய்க்கும்போது கொஞ்சம், நாலாவதுக்குக் கொஞ்சம்.

நாலாவது, வலது கீழ் மூலை. ஏலச்சத்தம் வருகிற பக்கம். நான் கோட்டின்மேல் கத்தரித்து முடித்ததும் மாமி அதை வாங்கினாள். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு வளைவின் உள்பக்கமாக, இரண்டு விரல் அகலத்துக்கு, பிறை போல ஒரு துண்டை வெட்டி எடுத்தாள். தையல்காரி கை, தாள் பிசிறவில்லை. அந்தத் துண்டைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

“ஆருட்டயும் சொல்லப்பிடாது, என்னா.”

ஆசாரி தாள்களை வாங்கித் தரையில் பரப்பினார். மூன்று தாள்களின் வளைவில் கரி ஒட்டியிருந்தது. நாலாவதில் இல்லை. அவர் அதன்மேல் பெருவிரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இது சரியாட்டு அளந்தியா?” என்றார். தலையாட்டினேன். வேறு மூலைகளும் தாறுமாறாகத்தானே இருக்கின்றன என்று நினைத்தாரோ என்னவோ, தாள்களைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

எட்டு நாளில் தருகிறேன் என்று போனவர் மூன்று வாரம் வரவில்லை. இடையில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் திருவிழா, கொடை, வந்துவிட்டது. கடை போடுகிறவர்களுக்குச் சட்டம் அடிக்கப் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னான். பெரிய மாமா பல்லைக் கடித்தார். பஸ்ஸுக்கு மேலே கதவுகளை ஏற்றிக்கொண்டு ஆசாரி வந்து இறங்கியபோது, கொடையில் வாங்கிய ஒரு தகர ஊதல் எனக்காகக் கொண்டு வந்திருந்தார். துக்க வீட்டில் ஊத முடியாது. தலையணைக்கு அடியில் வைத்து, விரலால் தடவிப் பார்ப்பதோடு சரி. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த மூங்கில் சீம்புகளையும் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

இதற்குள் விசாரிக்க வருகிறவர்கள் குறைந்திருந்தார்கள். மூத்த பெண்களும் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் அறையின் குறுக்கே ஒரு படுக்கைவிரிப்பைக் கட்டினார்கள். மாமி அந்தப் பக்கம், ஆசாரி இந்தப் பக்கம். அயினிப் பலகையில் இரண்டு கதவு. வெளி ஓரங்களின் மூலைகள் உருண்டு, நடுவில் நேராகச் சேரும். புதுமரத்தின் மஞ்சளும் வாடையும் அந்தத் தார் நாற்றத்துக்குள் ஏதோ பழம் உரித்த மாதிரி இருந்தது. சுவரில் மரக்குச்சி அடித்து, நேராக இருக்கிற பக்கத்தில் மட்டும் கீல் வைத்தார். இடது கதவு போய் உட்கார்ந்தது, மேலும் கீழும் ஒரு நூல் இடைவெளி இல்லை. ஆசாரி தானே ஒருமுறை அதைத் தடவிக் கொடுத்தார். வலது கதவையும் மாட்டி, நடுவில் கொண்டியைப் போட்டுவிட்டு, வெளியே தார்ப்பாயைக் கழற்றலாம் என்று குரல் கொடுத்தார்.

ஏணியில் நின்றவன் தார்ப்பாயை இழுத்தான். வலது கீழ் மூலையில் ஒரு பிறை வெளிச்சம் தரையில் விழுந்தது. வெட்டிய நகம் மாதிரி, ஆனால் கண் கூசுகிற வெள்ளை. மூன்று வாரத்துக்கும் மேலாகி அந்தத் தரை பார்த்த முதல் வெயில்.

பெரிய மாமாவும் அதைத்தான் பார்த்தார்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதை அடைக்கத்தானே உன்னை விளித்தேன் என்றார். பழைய ஆசாரிகள் முடியாது என்று சொல்லிவிட்டாவது போனார்கள் என்றார். இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம், குளச்சலில் இனி எந்த வீட்டுக்கும் உளியோடு வர வேண்டாம், நான் சொன்னால் இந்தத் தெருவில் கேட்பார்கள் என்றார். அது உண்மை, கேட்பார்கள். ஆசாரியின் முகம் வற்றிப் போயிற்று. அவர் பைக்குள் கைவிட்டு நாலாவது தாளை எடுத்தார். அதைக் காட்டினால் போதும். அளந்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

என்னை ஒருமுறை பார்த்தார். தாளைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

“எனக்க கைப்பிசகு மொதலாளி,” என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. திறக்க நினைத்தேன் என்று இப்போது எழுதினால் அது பொய். ஒன்றுக்கு வந்தது, அவ்வளவுதான் ஞாபகம்.

விரிப்பின் அந்தப் பக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்தது. அந்நிய ஆண் ஒருவர் கேட்க அவள் பேசி நான் கேட்டதில்லை.

“அவருக்க பிசகு இல்ல காக்கா. பிள்ளைக்க பிசகும் இல்ல. தாள நான் வெட்டினேன்.”

பெரிய மாமா விரிப்பைப் பார்த்து நின்றார். எதற்கு என்று கேட்டார். குரல் பாதிதான் வந்தது.

“அவரு நின்ன இடத்தப் பாக்கணும்.”

வெளியே ஏலம் நடந்துகொண்டிருந்தது. பெரிய மாமா வேட்டியை மடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார், பிறகு ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து அந்தப் பிறையில் கண்ணை வைத்தார். அவர் முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்து கீல் ஆணியைப் பிடுங்கப் போகிறார், அல்லது அடைக்கத் துணி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“இதுல ஐஸ் கம்பெனி மதில்தான் தெரியுது,” என்றார், கண்ணை எடுக்காமலே. “அவன் நின்னது இதுல தெரியாதே.”

விரிப்புக்குப் பின்னால் வளையல் இல்லாத கை ஒன்று துணியை இறுக்கிப் பிடிப்பது மடிப்பில் தெரிந்தது.

ஆசாரிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். “சுவரு கனமில்லியா மொதலாளி. வலது மூலையில கண்ண வச்சா இடதுபக்கம்தான் தெரியும், வலதுபக்கத்தச் சுவரு மறைக்கும். வலதுபக்கம் தெரியணும்ணா இடது மூலையில தொறக்கணும்.”

ஏழு வருஷத்தில் ஒரு நாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவளுக்கு அது எப்படித் தெரியும்? சத்தம் வந்த பக்கத்தை வெட்டினாள்.

பெரிய மாமா எழுந்து மணலைத் தட்டுவது போல வேட்டியைத் தட்டினார். அங்கே மணல் இல்லை. இடது கதவைக் காட்டினார். நூல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கதவை.

“கழத்தி வெட்டு எடே,” என்றார். “அதே அளவு.”

முற்றத்தில் வைத்து ஆசாரி வெட்டினார். நான் கதவின் மேல் ஏறி உட்கார்ந்து அசையாமல் பிடித்துக்கொண்டேன். வளைவில் வாள் போகும்போது அவர் மூச்சை அடக்கியிருந்தார். தான் செய்ததில் சிறந்ததைக் கெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. பிறகு உப்புத்தாள் போட்டு, அந்தத் தவறான வளைவையும் சரியான வளைவுக்குச் செய்கிற அளவு வழவழப்பாக்கினார்.

மாட்டி முடித்ததும் பெரிய மாமா ஆசாரியை ஹாலுக்குப் போகச் சொன்னார். “ஏலம் முடிஞ்சா அங்க வெறும் மணலு. எந்த இடம்ணு தெரியாது,” என்று விரிப்பைப் பார்த்துச் சொன்னார். “நான் போய் நிக்கேன்.” செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். தம்பியை அடக்கிய நாளிலிருந்து அவர் கரைப்பக்கம் போனதே இல்லை, சந்தைக்குக்கூடப் பின்தெரு வழியாகத்தான் போவார் என்று பிறகு உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாமி விரிப்பை விலக்கி வந்து, தரையில் உட்கார்ந்து, இடது மூலையில் கண்ணை வைத்தாள். பிறை வெளிச்சம் அவள் கன்னத்தில் வளைந்து விழுந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு ஆளுக்குத்தான் இடம். எண்கள் ஏறிக்கொண்டிருப்பதை மட்டும் கேட்டேன். பிறகு அந்தப் பையனின் குரல் ஒரு எண்ணின் பாதியில் நின்றது. மற்ற சத்தங்களும் நின்றன. காக்கைகளும் அலையும் மட்டும். பெரிய மாமா கூட்டத்துக்குள் போயிருப்பார், விலகி வழி விட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டேன்.

“தெரியுதா மாமி?” என்றேன்.

மாமி கண்ணை எடுக்கவில்லை.

“கைய தூக்கிக் காட்டுதாரு,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் இல்லாமல், மரத்தோடு சொல்வது போலச் சொன்னாள். “இவ்வளவு பக்கத்துலயா நின்னாரு.”